பள்ளத்தில் நின்ற ஜீப்பும் பளபளத்த டெர்மினலும்

1. மறுபடியும்

"ஏனுங்க மேஸ்திரி, ஜீப்பு மறுபடியும் பள்ளத்துல நின்னுபோச்சுங்க."

காந்திபுரத்தில் தகரக் கூரை போட்ட என் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று மருதாசலம் இதைச் சொன்னார். வண்டி நின்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த 'மறுபடியும்'தான் எனக்கு ஆகாது. அந்த மழைக்காலம் முழுக்க மனிதர் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஆட்டோ எலெக்ட்ரீஷியன் என்றால் யாருக்கும் புரியாது. 'டைனமோக்காரர்' என்பார்கள், இல்லையென்றால் 'பேட்டரி ஆரோக்கியசாமி' என்பார்கள். லாரி, பஸ், கார் என்று எது வந்தாலும் வயரிங் பார்ப்பேன். என்னை அதிகம் படுத்தி எடுத்தது சென்னப்ப நாயுடுவின் ஜீப்.

நாயுடுவுக்கு ஆர்.எஸ்.புரத்தில் பங்களா, ஊருக்கு வெளியே பருத்தி அரைக்கும் ஒரு ஜின்னிங் பாக்டரி, மேற்கே மலையடிவாரத்தில் கரும்பும் பாக்கும் போட்ட தோட்டம். ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் போக ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். மலைத்தண்ணீர் ஓடும் ஓடையை எங்கள் பக்கம் பள்ளம் என்போம். வெயில் காலத்தில் வெறும் மணல். மழை பிடித்தால் பாதிச் சக்கரம் முங்கும். கார் போகாது என்றுதான் யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட ஜீப் ஒன்றை நாயுடு வாங்கி வைத்திருந்தார். ஸ்டியரிங் இடது பக்கம், எலெக்ட்ரிக் எல்லாம் ஆறு வோல்ட்.

இந்த ஆறு வோல்ட்டை இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இன்றைய பன்னிரண்டு வோல்ட் வண்டியில் கனெக்‌ஷன் லேசாகக் கெட்டால் அரை வோல்ட் போகும், வண்டி கண்டுகொள்ளாது. ஆறு வோல்ட்டில் அரை வோல்ட் போனால் அது பெரிய விஷயம். ஒரு வோல்ட் போனால் ஸ்டார்ட்டர் முனகிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

மருதாசலம் அந்த ஜீப்பின் டிரைவர். நிதானமான ஓட்டம், சுத்தமான மனிதர். பங்களாவின் பின்கட்டில் ஓர் அறையில் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இருந்தார். வேலை போனால் வீடும் போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நாயுடுவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

2. ஆளுக்கொரு காரணம்

வண்டி ரோட்டில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. என் ஷெட்டுக்கு வந்தால் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். பள்ளத்தில் இறங்கினால் மட்டும் நடுத்தண்ணீரில் நின்றுவிடும். பிறகு மாடு பூட்டித்தான் இழுக்க வேண்டும்.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார் பங்க்காரர். கார்புரேட்டர்தான் என்றார் பக்கத்து ஷெட் மெக்கானிக். அதைக் கழற்றிப் பூட்டினார், வண்டி மறுபடியும் நின்றது. தோட்டத்து மணியக்காரர், பள்ளத்தில் அந்த இடமே சரியில்லை, ஒரு கோழி அறுத்தால் போதும் என்றார். கோழியும் அறுத்தார்கள். குழம்பு நன்றாக இருந்ததாம், வண்டி நின்றது.

நானும் சும்மா இருக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி விட்டேன். பிளக் தொப்பிகளுக்கு சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினேன். ரேடியேட்டர் ஃபேன் தண்ணீரை வாரி என்ஜின்மேல் அடிக்காமல் இருக்க, பள்ளத்தில் இறங்குமுன் பெல்ட்டைக் கழற்றச் சொல்லிக் கொடுத்தேன். மருதாசலம் அத்தனையும் செய்தார். அப்படியும் நின்றது. பேட்டரி கிளாம்ப், எர்த் கேபிள், ஸ்டார்ட்டர் நட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னின. இவ்வளவு சுத்தமான டெர்மினலை நான் எந்த வண்டியிலும் பார்த்ததில்லை. அதனாலேயே அந்தப் பக்கம் மறுபடி கை வைக்கவில்லை.

நாயுடு ஒருநாள் தன் காரில் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"மேஸ்திரி, இதுல வண்டி மேல ஒரு கோளாறும் இல்ல. கோளாறெல்லாம் அவன்கிட்டத்தான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அவன்ற அக்கா ஊடு இருக்குது. வண்டிய நிறுத்திப்போட்டு அங்க போய்க் கறியும் சோறும் தின்னுட்டு வாரான்."

"முதலாளி, மருதாசலம் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க."

"அப்ப வேற என்ன கோளாறு, சொல்லு பாக்கலாம்."

நான் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்தேன். "இன்னொருக்கா நின்னுதோ, அவனைப் பொட்டி படுக்கையோட தாட்டிப்போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நாயுடு மேலும் கோபம், ஜீப் மேலும் கோபம், ஏன் என்று தெரியாமல் மருதாசலத்தின் மேலும் கோபம்.

3. புளி

மறுநாள் ஷெட்டைப் பூட்டிவிட்டு ஜீப்பில் நானே ஏறி உட்கார்ந்தேன். மலைப்பக்கம் நல்ல மழை. பள்ளத்தில் இறங்கினோம். முதல் கியர், மெதுவாக, கல்லில் ஏறி இறங்கி, பாதி தூரம் போனோம். என்ஜின் இரண்டு முறை இருமியது, நின்றது. ஸ்டார்ட்டரை மிதித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி பானட்டைத் திறந்தேன். மருதாசலம் எனக்கு முன்னால் வந்து நின்றார். சீட்டுக்கடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். அதிலிருந்து ஓர் உருண்டைப் புளி, அதோடு கொஞ்சம் கல்லுப்பு. இரண்டையும் சேர்த்துப் பேட்டரி கிளாம்பில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"என்ன மருதாசலம் பண்றீங்க?"

"துலக்கறேனுங்க. தெனமும் காலைல துலக்கறதுதானுங்க. முதலாளி வண்டியில ஏர்றதுக்கு முன்னால பானட்டைத் தொறந்து பாப்பாருங்க. பித்தளையில மூஞ்சி தெரியலைன்னா சத்தம் போடுவாரு."

"கிளாம்ப் மட்டுமா?"

"எல்லாந்தானுங்க. அந்த எர்த்து, ஸ்டாட்டரு நட்டு, காயில் நட்டு, பெட்ரோல் பைப்பு, ரேடியேட்டர் மூடி. புளி போட்டுத் தேச்சுப்போட்டு ஒரு சொம்புத் தண்ணிய ஊத்தி உட்டுருவேனுங்க."

நான் எர்த் கேபிளைப் பிடித்து லேசாக இழுத்தேன். கேபிள் நுனியில் மாட்டியிருந்த லக் என்கிற பித்தளை வளையம் பளபளவென்று போல்ட்டிலேயே இருந்தது. கேபிள் மட்டும் என் கையோடு வந்துவிட்டது. நூல் உறைக்குள் இருந்த செம்புக் கம்பிகள் பச்சைப் பொடியாகக் கொட்டின. மோந்து பார்த்தால் ரசம் வைத்த ஈயச்சொம்பின் வாசனை.

எனக்கு அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. தண்ணீரில் நின்றதால் உட்கார முடியவில்லை.

நடந்தது இதுதான். புளியும் உப்பும் மேலே இருக்கும் கறையை எடுக்கும், உண்மை. ஆனால் அந்தப் புளித்தண்ணீர் கம்பிகளின் இடுக்கு வழியாக உறைக்குள் ஊறிப் போகும். உள்ளே போனதை எந்தச் சொம்புத் தண்ணீரும் கழுவாது. அது அங்கேயே இருந்து செம்பைத் தின்னும். வெளியே முகம் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. ரோட்டில் வேகமாகப் போகும்போது டைனமோவே கரண்ட் கொடுத்துவிடும், கேபிளின் லட்சணம் தெரியாது. பள்ளத்தில் மெதுவாக ஊர்ந்தால் டைனமோ கை விரிக்கும், நான் சொன்னபடி பெல்ட்டைக் கழற்றினால் அதுவும் நின்றே போகும். பேட்டரிதான் கொடுக்க வேண்டும். பேட்டரியில் கரண்ட் இருந்தது, அது வர வழி இல்லை. கல்லில் ஏறி இறங்கும் ஆட்டத்தில் மிச்சமிருந்த கம்பிகள் விலகி என்ஜின் நிற்கும், ஷெட்டில் ஆடாமல் நின்றால் அவை மறுபடி தொட்டுக்கொண்டு ஸ்டார்ட் ஆகும். இத்தனை நாளும் நாங்கள் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

மருதாசலத்துக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கையில் இருந்த புளியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"அப்ப நாந்தானுங்களா வண்டியக் கெடுத்தது? முதலாளிக்குத் தெரிஞ்சா அவ்வளவுதானுங்க. எம்பட ஊட்டுக்காரி இந்த மழையில கொழந்தைகளக் கூட்டிக்கிட்டு எங்க போவா?"

"மூஞ்சி தெரியோணும்னு கேட்டது யாரு? நீங்களா? புளிய அந்தப் பக்கம் வீசுங்க மொதல்ல."

4. அழுக்கான வேலை

மாடு பூட்டி இழுத்து, இருக்கிற கம்பியை முறுக்கிக் கட்டி, எப்படியோ ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். தண்ணீரிலும் சேற்றிலும் போகிற வண்டிக்கு இன்றும் இதுதான் வேலை, சாமான்கள்தான் மாறியிருக்கின்றன.

புளி தொட்ட கேபிள் அத்தனையையும் வெட்டி எறிந்தேன். நல்ல செம்பு தெரியும் இடம் வரை வெட்ட வேண்டும், கஞ்சத்தனம் கூடாது. சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் கிளாம்பைக் கழுவினேன். லக்குகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். குங்கிலியம் வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். தகரம் பற்றவைக்கும் டிங்கர்கள் ஆசிட் வைப்பார்கள், அது புளிக்கு அண்ணன். சேஸிஸில் எர்த் பிடிக்கிற இடத்தில் பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி, இரும்பும் லக்கும் நேராகத் தொடும்படி முறுக்கினேன். அதற்குப் பிறகுதான் அதன் மேல் கிரீஸ். முதலில் முறுக்கு, பிறகு கிரீஸ். தண்ணீரைத் தள்ளி வைக்கத்தான் கிரீஸ், கரண்ட் கடத்த அல்ல.

ஜாயின்ட்டுகளுக்கு வார்னிஷ் ஊறிய எம்பயர் துணி டேப் சுற்றி ஷெல்லாக் அரக்கு அடித்தேன். காயில் கழுத்துக்கும் பிளக் தொப்பிக்கும் புது சைக்கிள் டியூப் மாட்டி சணலால் கட்டினேன். கேபிள்களைக் கொஞ்சம் நீளமாக விட்டு, கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி வைத்தேன். அப்படி வைத்தால் வழிகிற தண்ணீர் தொங்கலிலேயே சொட்டிவிடும், டெர்மினலுக்குப் போகாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே மட்டும் தண்ணீர் வடிய ஒரு சின்ன வழி விட்டேன். எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் உள்ளேயே வேர்த்து நனைந்துவிடும்.

முடித்துப் பார்த்தால், பானட்டுக்குள் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் மாதிரி இருந்தது. எங்கே பார்த்தாலும் கட்டு, எங்கே பார்த்தாலும் களிம்பு.

இதை முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நானே பாக்டரிக்குப் போனேன். நாயுடு இரண்டு பஞ்சு வியாபாரிகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, கோளாறு கெடைச்சிருச்சுங்க. பித்தளையத் துலக்கினதுதானுங்க கோளாறு. இனிமே துலக்கக் கூடாது. கிரீஸ் போட்டிருக்கறேன். தொறந்து பாத்தா அழுக்காத்தான் தெரியும். அது அப்படியேதான் இருக்கோணுமுங்க."

"செரி செரி, கிரீஸுதானே? போடு" என்றார், வியாபாரி நீட்டிய பஞ்சைக் கையில் வைத்துப் பிய்த்துப் பார்த்தபடி.

"தொடைக்கக் கூடாதுங்க."

"அதான் செரின்னுட்டேனே மேஸ்திரி!"

அந்த மழைக்காலத்தில் அதற்குப் பிறகு ஜீப் ஒருமுறைகூட நிற்கவில்லை. டவுனுக்கு வரும்போதெல்லாம் மருதாசலம் ஷெட்டில் தலையை நீட்டி, "நிக்கலீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

5. சம்பந்தி பார்த்த பானட்

தை மாதம் நாயுடுவின் மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தோட்டத்தைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஜீப்பைச் சுற்றி வந்து ஆசையாகப் பார்த்தாராம். நாயுடுவுக்குப் பெருமை தாங்கவில்லை. பஞ்சு வேலையில் மாதக்கணக்காக ஜீப் பக்கமே வராதவர், பானட்டைத் திறந்து காட்டினார்.

உள்ளே ஒரு மழைக்காலத்துச் செம்மண் கிரீஸில் ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. சணல் தொங்கியது. சம்பந்தி மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போன கையோடு நாயுடு மருதாசலத்தை நிறுத்திவிட்டார்.

மருதாசலம் என் ஷெட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அழவில்லை. "நிக்காம ஓடுச்சுங்க. அப்படியும் போச்சுங்க" என்றார். சாமானைப் போட்டது போட்டபடி ஆர்.எஸ்.புரத்துக்கு சைக்கிளை மிதித்தேன்.

"முதலாளி, அந்தக் கிரீஸைப் போட்டது நானுங்க. உங்ககிட்டச் சொல்லிப்போட்டுத்தானே போட்டேன்?"

"நீ போட்டே. நான் இல்லீன்னா சொன்னேன்? அது மேல அழுக்கு உக்காந்துது பாரு, அது அவன்ற குத்தம்."

மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்குள் பங்களாவின் பின்னால் புது டிரைவர் ஜீப்பின் பானட்டைத் திறந்து வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி என் வேலை முழுவதையும் கழுவிக்கொண்டிருந்தான். டியூபெல்லாம் தரையில் கிடந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் புளி ஊறிக்கொண்டிருந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மருதாசலம் சூலூரில் மச்சான் வீட்டில் குடும்பத்தை விட்டுவிட்டு, அங்கேயே ஒரு லாரிக்குப் போனார். மச்சான் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னார்.

6. சூலூரில் ஒரு பேச்சு

அடுத்த மழைக்கு ஜீப் நின்றது. இந்தத் தடவை உள்ளே நாயுடுவே இருந்தார். கூடச் சம்பந்தியம்மாள். அம்மாளை ஆட்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிக் கரையேற்றினார்கள். நாயுடு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாராம்.

அடுத்த நாளே என் ஷெட்டில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, போன வருசம் என்ன போட்டியோ அதையே போட்டுக் குடு."

"போடறேனுங்க. ஆனா அதை ஆரு வெச்சுக் காப்பாத்தறது?"

"புது டிரைவர்கிட்டச் சொல்லி வெக்கறேன்."

"போன தடவை நான் உங்ககிட்டயே சொன்னேனுங்க முதலாளி. மருதாசலம் வந்தா நான் வண்டியத் தொடறேன். இல்லீன்னா வேற எடம் பாத்துக்குங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. பாக்டரி லாரிகள் எல்லாம் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தன, அவ்வளவும் போய்விடும். நாயுடு என்னை முறைத்தார். தெலுங்கில் ஏதோ முனகினார். பிறகு, "ஏறு வண்டியில" என்றார்.

சூலூரில் மருதாசலம் லாரியின் பக்கத்தில் குந்தி டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார்.

"மருதா, வாடா போலாம். ஜீப்ப எடுத்துக்க."

"வாரேனுங்க முதலாளி. பழைய ஊடு வேணுமுங்க."

"பூட்டித்தான் கெடக்குது. சாவிய வாங்கிக்க."

மருதாசலம் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வாய் திறக்கவே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

"இன்னொண்ணுங்க. பானட்டை இனிமே நான் மட்டுந்தான் தொறப்பேனுங்க. நீங்க தொறக்கக் கூடாதுங்க."

நாயுடு என்னைப் பார்த்தார். நான் லாரி டயரைப் பார்த்தேன்.

"ஏண்டா, என்ற வண்டிய நான் தொறக்கக் கூடாதா?"

"வண்டி உங்களுதுதானுங்க. ஆரு இல்லைன்னாங்க? தொறக்கறது நானுங்க."

சத்தமாகத் திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன். நாயுடு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியை இறக்கி, "பின்னால ஏறு. ஊட்டுக்காரிக்கும் கொழந்தைகளுக்கும் சாயந்திரம் வண்டி அனுப்பறேன்" என்றார்.

மறுவாரம் ஜீப்புக்கு நான் பழையபடி எல்லாக் கட்டும் கட்டி, எல்லாக் களிம்பும் பூசினேன்.

இளைஞர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தண்ணீருக்கும் துருவுக்கும் மருந்து உங்கள் அலமாரியில் இருக்கிறது, அது பெரிய வித்தை இல்லை. ஆனால் நல்ல கனெக்‌ஷன் பார்க்க நன்றாக இருக்காது. அதைத் துடைக்காமல் விட ஓர் ஆள் வேண்டும், துடைக்கச் சொல்கிறவரிடம் 'மாட்டேன்' என்று சொல்ல அந்த ஆளுக்கு வாய் வேண்டும். அந்த வாய் இல்லாத வண்டிக்கு நீங்கள் என்ன கிரீஸ் போட்டும் புண்ணியம் இல்லை.

அந்த ஜீப் அதற்குப் பிறகு பள்ளத்தில் நிற்கவில்லை. மருதாசலம் தினமும் காலையில் பானட்டின் மேல்பக்கத்தை மட்டும் முகம் தெரியத் துடைத்து வைப்பார். நாயுடு வந்து அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, பானட்டைத் திறக்காமல் வண்டியில் ஏறிக்கொள்வார்.